தீவைச் சுற்ற எந்த வண்டி? – இலங்கைப் பயணிக்கு ஒரு போக்குவரத்துப் பாடம்



ஆண்டு மலர் என்றாலே நம் மெக்கானிக்கல் துறையிலிருந்து 'எரிபொருள் சிக்கனம்', 'சூரிய சக்தி' என்று கட்டுரைகள் போவது வழக்கம். இந்த முறை கொஞ்சம் வெளியே போய் வருவோம். வகுப்பில் படிக்கிற சாய்வு, உராய்வு, இழுவிசை எல்லாம் பரீட்சைத் தாளோடு முடிந்துபோகிற விஷயங்கள் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் ஒரு சாதாரணப் பயணிக்கும் அவை உதவும். அதற்கு நான் எடுத்துக்கொண்ட நாடு இலங்கை. ஏன் இலங்கை என்பது போகப் போகத் தெரியும். நூலகத்தில் படித்தது பாதி, எங்கள் எஸ்டேட்டிலிருந்து அங்கே போய் வந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டது பாதி.

1. கிலோமீட்டரை நம்பாதே, மணியைக் கேள்

இலங்கையின் பரப்பு சுமார் 65,600 சதுர கிலோமீட்டர். அதாவது நம் தமிழ்நாட்டில் பாதி. வடக்கே இருந்து தெற்கே 430 கி.மீ. தான். மேப்பைப் பார்க்கிற எவரும், "இவ்வளவுதானா? மூன்று நாளில் முடித்துவிடலாமே" என்பார்கள். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொழும்பிலிருந்து கண்டி ரோடு வழியே 115 கி.மீ. பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சராசரி வேகம் 35 கி.மீ. கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை சுமார் 290 கி.மீ. அதற்குப் பத்து மணி நேரம். சராசரி 29 கி.மீ. ஆனால் கொட்டாவையிலிருந்து காலிக்கு அதிவேக நெடுஞ்சாலையில் 95 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஒரே நாடுதான். தரை மாறுகிறது, வேகம் மாறுகிறது.

அந்தத் தரையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். வடக்கும் கிழக்கும் சமதளம், வறண்ட பூமி, நேர் ரோடு. தென்மேற்கு கடலோரம், ஊரும் கூட்டமும் நெருக்கம். நடுவில் மலைநாடு. அங்கே மிக உயரமான பிதுருதலாகல 2,524 மீட்டர். இந்த மூன்றுக்கும் ஒரே வண்டி பொருந்தாது. எந்தத் தரைக்கு எந்த வண்டி என்று சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

2. ரயில் – மலைக்கு இதுவே முதல் தேர்வு

இலங்கையில் ரயில் 1864ல் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை ஓடத் தொடங்கியது. 1867ல் கண்டிக்கு வந்தது. பதுளையைத் தொட 1924 வரை ஆனது. சுற்றுலாவுக்காகப் போட்ட பாதை என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் விளைந்த காபிக் கொட்டையைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. 1869க்குப் பிறகு இலை நோய் வந்து காபி அழிந்தது. தேயிலை வந்தது. பாதை மேலும் மேலும் ஏறியது.

நம் துறைக்கு ருசியான பகுதி இதுதான். இலங்கை ரயில் பாதையின் அகலம் 1,676 மி.மீ., நம் நாட்டு பிராட்கேஜ் அதே அளவு. பிராட்கேஜ் வண்டி சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிற பட்டிப்பொல நிலையம் வரை ஏறுகிறது. எப்படி ஏறுகிறது?

செங்குத்தான இடத்தில் சாய்வு 44க்கு 1. அதாவது 44 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். சமதளத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு டன் எடையை நகர்த்தச் சில கிலோ இழுவிசை போதும். 44க்கு 1 சாய்வில் அதோடு 1000 ÷ 44, அதாவது சுமார் 23 கிலோ கூடுகிறது. வண்டி 200 டன் என்று வைத்துக்கொண்டால், மேடு ஏறுவதற்கு மட்டும் நாலரை டன் விசை வேண்டும். எஞ்சின் ஏன் முக்கி முனகி மெதுவாகப் போகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

நம் நீலகிரி மலை ரயிலை ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லாறு–குன்னூர் இடையே சாய்வு சுமார் 12க்கு 1. டன்னுக்கு 83 கிலோ. வழுவழுப்பான சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல்தண்டவாளம் போட்டுப் பல்சக்கரத்தால் கடித்து ஏறுகிறோம். நாம் நேராக ஏறினோம், இலங்கையில் சுற்றிச் சுற்றி ஏறினார்கள். பல்சக்கரம் வேண்டாம் என்றால் பாதையை நீட்டித்தான் ஆக வேண்டும்.

தெமோதரையில் இந்தச் சுற்று உச்சத்துக்குப் போகிறது. நிலையத்தைத் தாண்டிய பாதை ஒரு வளையமாகச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலேயே குகைக்குள் நுழைகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, தலைப்பாகை நம் ஆளுடையது! எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் மட்டுமே கொண்டு, இரும்பில்லாமல் கட்டியது. இன்றைக்கு உலகம் முழுக்க இருந்து வந்து அதன் முன் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

இப்போது நான் ஏன் இலங்கையை எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பாயி பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1964ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. அப்பாயி குடும்பமும் அதில் ஒரு குடும்பம். 1974ல், பதினாறு வயதில், தலவாக்கலையில் ரயிலேறித் தலைமன்னார் போய், 'இராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்பில் தங்கி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அப்பாயி பறித்தது கொழுந்து, இங்கே பறித்ததும் கொழுந்து. அம்மாவும் அதே வேலைதான். எங்கள் வீட்டில் டிராயிங் போர்டு தூக்கிய முதல் ஆள் நான்.

மலைநாட்டு ரயிலை அங்கே 'கோச்சி' என்பார்கள். அப்பாயியிடம் கேட்டால், "அது கோச்சி இல்ல சாமி, அழுவுற கோச்சி. ஸ்டேசனுக்கு ஸ்டேசன் ஒப்பாரிதான்" என்பார். இன்று வெள்ளைக்காரப் பயணிகள் ஜன்னலில் தலைநீட்டிச் சிரித்துக்கொண்டு போகிற அதே பாதை. சிரிப்பதில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பாதையை வெட்டியது யார், அதன் வழியாக ஊரை விட்டுப் போனது யார் என்று தெரிந்துகொண்டு ஜன்னலோரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பயணிக்குத் தேவையான விவரங்கள்: முதல், இரண்டாம், மூன்றாம் என மூன்று வகுப்பு. பொடி மெனிகே, உடரட மெனிகே என்பவை பதுளைக்கு ஓடும் பெயர் பெற்ற வண்டிகள். முன்பதிவு இடங்கள் திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடுவது வழக்கம். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். முன்பதிவில்லாத பெட்டிக்கு அன்றைக்கே கவுண்ட்டரில் டிக்கெட் வாங்கலாம். கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு அன்றாடம். கதவில் தொங்கி போட்டோ எடுத்து உயிரை விட்ட பயணிகள் உண்டு. குகைச் சுவருக்கும் பெட்டிக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம் என்பதை மறக்கக் கூடாது.

கிளம்பும் முன் பாதை எதுவரை ஓடுகிறது என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின் மழையில் மலைநாடு முழுக்க நிலச்சரிவு. ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்து வண்டிகள் நின்றன. மலையில் போட்ட பாதை மலையின் தயவில்தான் இருக்கிறது.

மற்றப் பாதைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பு–காலி–மாத்தறைப் பாதை பெரும்பாலும் கடலை ஒட்டியே போகும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரலியவில் ஒரு ரயிலே அடித்துச் செல்லப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்தப் பாதையில்தான். வடக்கே யாழ்தேவி 1956ல் தொடங்கியது. போரால் 1990ல் நின்றது. இந்திய உதவியோடு பாதையைத் திரும்பப் போட்டு, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த ரயில் பெட்டிகளும் இலங்கையில் ஓடுகின்றன என்பது நமக்கெல்லாம் பெருமை.

3. பஸ் – எங்கும் போகும், எப்போதும் போகும்

ரயில் போகாத ஊர் நிறைய உண்டு. பஸ் போகாத ஊர் குறைவு. 1958ல் தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு போக்குவரத்துச் சபை அமைத்தது. இன்று சபையின் சிவப்பு பஸ்களும் தனியார் பஸ்களும் இரண்டும் ஓடுகின்றன. அசோக் லேலண்டும் டாட்டாவும் எங்கும் கண்ணில் படும். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போலவே இருக்கும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

பயணிக்குப் பெரிய வசதி நம்பர்தான். 1 என்றால் கொழும்பு–கண்டி. 2 என்றால் காலி வழியாக மாத்தறை. 87 யாழ்ப்பாணம். 99 பதுளை. பெயர்ப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் நம்பரைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். முன் சீட்டு மதகுருமாருக்கு ஒதுக்கியது, அதில் உட்கார்ந்துவிடாதீர்கள். இறங்க வேண்டுமானால் தமிழ்ப் பகுதியில் "இறக்கம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். சிங்களப் பகுதியில் "பஹினவா!" என்றால் போதும், நிறுத்துவார்கள்.

குறை என்ன? தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். மலை வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். பெரிய பெட்டி வைக்க இடம் இருக்காது. ஆகவே முதுகுப் பை ஒன்றோடு போகிறவருக்குத்தான் சாதாரண பஸ் பொருந்தும். தெற்கே போக ஏ.சி. அதிவேக நெடுஞ்சாலை பஸ் உண்டு. அதில் நின்றுகொண்டு போக அனுமதி இல்லை, சீட்டு இருந்தால்தான் ஏற்றுவார்கள். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011ல் காலிப் பக்கம் வரை திறந்தது. பிறகு மாத்தறை, அம்பாந்தோட்டை வரை நீண்டது. கடல் பார்க்க வேண்டும் என்றால் ரயில். நேரம் மிச்சமாக வேண்டும் என்றால் இந்த பஸ்.

4. ஓட்டோ – கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு

அங்கே ஆட்டோவை 'ஓட்டோ' என்றும் 'த்ரீவீலர்' என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் நம் பஜாஜ்தான். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்குகிறவர் நுவரெலியா போக வேண்டும், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் ஓட்டோதான் கை கொடுக்கும்.

மூன்று விதி. மீட்டர் இருந்தால் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏறுவதற்கு முன் ரேட் பேசுங்கள், இறங்கிய பிறகு பேசினால் தகராறுதான். நகரங்களில் செல்போனில் கூப்பிடும் வசதி உண்டு, விலை முன்பே தெரிந்துவிடும். நெடுந்தூரத்துக்கு ஓட்டோ வேண்டாம், அதிவேக நெடுஞ்சாலையில் அதற்கு அனுமதியே இல்லை. தொழிலும் பார்க்க வேண்டும் நண்பர்களே. அந்த ஓட்டோக்காரருக்கு நாம் ஒரு நாள் சவாரி. ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் சண்டை போடுவது நம் சுற்றுலாவையும் கெடுக்கும், அவர் பொழுதையும் கெடுக்கும்.

5. வாடகைக் கார் – நாலு பேர் இருந்தால் மட்டும்

டிரைவரோடு கார் அல்லது வேன் எடுப்பது அங்கே சகஜம். சீகிரியா, தம்புள்ள, பொலன்னறுவை போல ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கிற இடங்களை ஒரே நாளில் பார்க்க இதுதான் வசதி. தனி ஆளுக்குக் கட்டாது. நாலு பேர் பங்கு போட்டால் கட்டும். டிரைவருக்குச் சாப்பாடு, தங்கும் இடம் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

நாமே ஓட்டலாமா? அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் நம் நாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது. அங்கே தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

இங்கே ஒரு பொருளாதாரப் பாடமும் உண்டு. இலங்கையில் எண்ணெய்க் கிணறு கிடையாது. ஒவ்வொரு சொட்டும் டாலர் கொடுத்து வாங்கியது. 2022ல் டாலர் தீர்ந்தபோது பெட்ரோல் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை நின்றது. அரசு கியூ.ஆர். அட்டை கொடுத்து வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து ஊற்றியது. இருபது லிட்டரில் ஒரு கார் நாலு பேரைச் சுமக்கும். அதே அளவு டீசல் ஒரு பஸ்ஸில் ஐம்பது பேருக்கு உதவும். கூட்ட வண்டியில் போகிற பயணி தன் காசை மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை, அந்த நாட்டின் டாலரையும் மிச்சம் பிடிக்கிறார்.

6. நம் ஊரிலிருந்து ஒரு திட்டம்

1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் 'போட் மெயில்' வந்தது. சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்விடலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரால் நின்றது.

இப்போது வழி இரண்டு. சென்னை, திருச்சியிலிருந்து விமானம். அல்லது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். இந்தக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. சுமார் 110 கி.மீ., நாலு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பால் நிறுத்திவிடுவார்கள். எதில் போனாலும் பாஸ்போர்ட்டும் இலங்கையின் நுழைவு அனுமதியும் வேண்டும்.

அப்பாயிக்கு அந்தத் தோட்டத்தை ஒரு தடவை பார்க்க ஆசை. வயது அறுபத்தைந்துக்கு மேல், முழங்கால் வலி. நான் வேலைக்குப் போய் முதல் வருடச் சம்பளத்தில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்காகப் போட்ட கணக்கு இது:

முதல் நாள், பருவமழை இல்லாத மாதத்தில், நாகையிலிருந்து கப்பல். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓட்டோ. இரவு தங்கல்.

இரண்டாம் நாள், முன்பதிவு செய்த ரயிலில் அனுராதபுரம். அங்கே ஓர் இரவு ஓய்வு. பஸ்ஸில் போனால் செலவு குறையும், ஆனால் காலை நீட்ட முடியாது, கழிப்பறை கிடையாது. வயதானவருக்கு இந்த இரண்டும் தான் முக்கியம்.

மூன்றாம் நாள், ரயிலில் பொல்காவலை சந்திப்பு. எல்லோரும் கொழும்பு வரை போய்த் திரும்பி வருவார்கள். தேவையே இல்லை. வடக்குப் பாதையும் மலைப் பாதையும் சேருகிற இடம் பொல்காவலை. கொழும்புக்கு 70 கி.மீ. முன்னாலேயே இறங்கி மலை வண்டி மாறிக்கொள்ளலாம். போக வர 140 கி.மீ. மிச்சம். அங்கிருந்து நாவலப்பிட்டி, ஹட்டன் தாண்டித் தலவாக்கலை. ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு ஓட்டோ.

இந்தக் கணக்கை மேப்பில் கோடு போட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. தலைமன்னார்ப் பாதை வடக்குப் பாதையோடு சேருவது மதவாச்சியில். ஆக மதவாச்சியிலிருந்து தலவாக்கலை வரை அப்பாயி 1974ல் அழுதுகொண்டு வந்த அதே தண்டவாளத்தில்தான் திரும்பிப் போகப் போகிறார். மேப்பைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜன்னலோரம் எடுத்துக் குடு" என்றார். எடுத்துக் கொடுக்க வேண்டும்.

7. நினைவில் வைக்க

அ. தூரத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள்.
ஆ. மலைக்கு ரயில். வடக்குக்கு ரயில் அல்லது இரவு பஸ். தெற்குக்கு அதிவேக பஸ், கடல் பார்க்க ரயில். கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு ஓட்டோ. நாலு பேர் சேர்ந்தால் கார்.
இ. ஒரு நாளைக்கு ஒரு நெடும் பயணம் போதும். மீதி நாள் ஊரைப் பார்க்க.
ஈ. மழை, புயல், நிலச்சரிவு விவரம் கேட்காமல் மலைக்குக் கிளம்பாதீர்கள்.
உ. கூட வருகிறவர்களில் யாருக்கு உடம்பு முடியாதோ, அவருக்குத் தகுந்த வண்டியே எல்லோருக்கும் வண்டி.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் சிலர் ரயில்வேயிலும் சிலர் பஸ் டெப்போவிலும் வேலை பார்க்கப் போகிறவர்கள். நாம் முறுக்குகிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர் யாரோ ஒருவர் இருக்கிறார். இந்தப் பாடத்தில் தேர்வுக்கு வராத கேள்வி அது ஒன்றுதான். விடை மட்டும் எல்லோரும் எழுதியாக வேண்டும்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை